வீல் நட்டுக்குப் பூட்டு போட்டால் திருடன் திரும்பிப் போய்விடுவானா?

சக்கரத் திருட்டு பற்றி வந்த கேள்விகள் ஒரு கட்டு சேர்ந்துவிட்டன. பாதிக்கு மேல் லாக் நட்டு பற்றித்தான், அதனால் இந்த முறை வேறு எதையும் தொடவில்லை. கேள்விகளைச் சுருக்கியிருக்கிறேன், கோபங்களை அப்படியே விட்டிருக்கிறேன்.

கேள்வி: அலாய் வீலோடு கார் வாங்கி மூன்று மாதம் ஆகிறது. ஷெட் கிடையாது, ராத்திரி தெருவில்தான் நிற்கும். பக்கத்தில் ஒருவருடைய காரை நாலு செங்கல் மேல் உட்கார வைத்துவிட்டுச் சக்கரங்களைக் கொண்டுபோய்விட்டார்கள். லாக் நட்டு போடு என்கிறார் ஒரு நண்பர். அதெல்லாம் ஏமாற்று வேலை, இரண்டே நிமிஷத்தில் கழற்றிவிடுவார்கள் என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி சார்?

இரண்டு பேர் சொல்வதும் சரிதான், ஆனால் ஆளுக்கு ஒரு திருடனை மனதில் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள்.

முதலில் பொருளைப் பார்த்துவிடுவோம். சாதாரண வீல் நட்டுக்கு ஆறு பட்டை. 17, 19, 21 மில்லிமீட்டர் சாக்கெட்டுகள் (நட்டின் மேல் கவிழ்த்துத் திருகும் குழல்கள்) கையில் இருந்தால் ஓடுகிற கார்களில் பெரும்பாலானவற்றின் சக்கரத்தைக் கழற்றிவிடலாம். லாக் நட்டில் அந்தப் பட்டைகள் இருக்காது. வெளிப்புறம் வழவழவென்று உருண்டையாக இருக்கும், தலையில் பூவிதழ் மாதிரி வளைந்து நெளிந்து ஒரு பள்ளம் ஓடும். அந்தப் பள்ளத்துக்குள் கச்சிதமாக இறங்கி உட்காருகிற மேடு உள்ள ஒரு சின்ன இரும்புத் துண்டுதான் சாவி. சாவியை நட்டில் பொருத்தி, சாவியின் முதுகில் இருக்கும் ஆறு பட்டையில் வழக்கமான வீல் ஸ்பேனரைப் போட்டுச் சுற்ற வேண்டும். சக்கரத்துக்கு ஒன்று வீதம் நாலு நட்டு, ஒரு சாவி. இதுதான் ஒரு செட்.

பூட்டு என்று பெயரே தவிர உள்ளே அசைகிற பாகம் ஒன்றுகூட இல்லை. வீட்டுப் பூட்டில் இருக்கிற லீவரோ பின்னோ எதுவும் கிடையாது. ஸ்பேனரின் வடிவத்தை மட்டும் கொஞ்சம் ரகசியமாக வைத்திருக்கிறார்கள், அவ்வளவே. (கடையில் வெறுமனே 'லாக் நட்டு' என்று கேட்டால் நைலான் வளையம் வைத்த, அதிர்வில் கழலாத நட்டை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். அது வேறு சாமான். வீலுக்கு என்று சேர்த்துச் சொல்லுங்கள்.)

இப்போது அந்த இரண்டு திருடர்கள். ஒருவன் ஒரு ஜாக்கி, ஒரு வீல் ஸ்பேனர், நாலு செங்கல்லோடு சுற்றுகிறவன். இவனுக்கு உங்கள் கார்தான் வேண்டும் என்று ஒன்றும் இல்லை. குனிந்து பார்ப்பான், ஐந்தில் ஒரு நட்டு உருண்டையாக மினுமினுக்கும், அடுத்த காருக்குப் போய்விடுவான். இவனிடமிருந்து லாக் நட்டு உங்களைக் காப்பாற்றும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மற்றவன் என்ன மாடல், எத்தனை இஞ்ச், எந்தப் போல்ட் அளவு என்று தெரிந்து, வாங்குவதற்கு ஆளையும் வைத்துக்கொண்டு வருகிறவன். அவன் பையில் லாக் நட்டுக்கான மருந்தும் இருக்கும்.

என்ன மருந்து? ஒன்று, நட்டின் வெளிவிட்டத்தைவிடக் கொஞ்சம் சின்னதான பன்னிரண்டு முனை சாக்கெட்டைச் சுத்தியலால் அடித்து ஏற்றிவிடுவது. இன்னொன்று, இதற்கென்றே விற்கிற சாக்கெட், உள்ளே இடது பக்கமாகச் சுழன்று போகும் பற்கள் இருக்கும், கழற்றுகிற திசையில் திருகத் திருக நட்டை இன்னும் இறுக்கமாகக் கவ்வும். மூன்றாவது, மாஸ்டர் சாவி செட். ஒவ்வொரு காருக்கும் தனி வடிவம் வெட்டிக்கொண்டிருக்க எந்தக் கம்பெனியாலும் முடியாது. ஒரு கம்பெனியின் நட்டுகளுக்குக் குறிப்பிட்ட சில வடிவங்கள்தான் மாறி மாறி வரும், அத்தனைக்கும் சாவி உள்ள பெட்டி ஒர்க்‌ஷாப்களுக்கென்று கிடைக்கிறது. ஒர்க்‌ஷாப்பில் இருப்பது வெளியில் வராமல் இருக்குமா? நாலாவது வழிக்குக் கருவியே வேண்டாம், உங்கள் டாஷ்போர்டைத் திறந்தால் போதும். அந்த விஷயத்தைப் பின்னால் சொல்கிறேன்.

சாக்கெட்டை அடித்து ஏற்றும் வேலையை என் சொந்தக் காரிலேயே செய்யும்படி ஆகிவிட்டது ஒருமுறை. ஒரு ஒர்க்‌ஷாப்பில் காற்றழுத்தத்தில் நட்டைத் திருகும் ஏர் கன்னை வைத்துச் சாவியின் மேட்டை உடைத்துக் கொடுத்துவிட்டார்கள், நானும் பார்க்காமல் வாங்கி வந்துவிட்டேன். முதல் சக்கரம்: சாக்கெட்டை வைத்து நாலு அடி, ஒவ்வொரு அடிக்கும் கோயில் மணி மாதிரி ஓசை, அப்புறம் நீளமான கம்பியைப் போட்டு முழு எடையையும் கொடுத்தேன், ஒரு 'கிரீச்', வந்துவிட்டது. ஒன்றரை நிமிஷம் இருக்கும். சே, இவ்வளவுதானா என்று தோன்றியது. ஆனால் வந்த நட்டு சாக்கெட்டுக்குள் சிக்கிக்கொண்டது. அதைப் பின்னாலிருந்து பஞ்ச் வைத்து அடித்துத் துப்ப வைப்பதற்கு ஐந்து நிமிஷம். இரண்டாவது சக்கரத்தில் சாக்கெட் வழுக்கி நட்டை இன்னும் உருட்டிவிட்டது. கால் மணி நேரம் போராடினேன், மாடியிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். மூன்றாவதுக்குக் கடைசியில் வெல்டிங்காரரைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது, அவர் லாக் நட்டின் தலையில் இன்னொரு நட்டை ஒட்ட வைத்துத் திருகி எடுத்தார். நாலாவது சமர்த்தாக வந்துவிட்டது.

அந்த நாலு சக்கரத்தில் நான் புரிந்துகொண்டது இதுதான்: கழற்ற முடியாது என்பதெல்லாம் இல்லை. ஆனால் எது ஒன்றரை நிமிஷத்தில் வரும், எது கால் மணி நேரம் இழுக்கும் என்று கழற்றுகிறவனுக்கு முன்கூட்டித் தெரியாது, அதோடு சத்தமில்லாமல் செய்யவும் முடியாது. உங்கள் கார் நிற்கிற இடத்தில் ராத்திரி இரண்டு மணிக்கு இரும்பை இரும்பால் அடித்தால் யாராவது ஜன்னலைத் திறப்பார்களா? திறப்பார்கள் என்றால் லாக் நட்டு உங்களுக்குப் பலமான காவல். ஆள் நடமாட்டமே இல்லாத மைதான ஓரம் என்றால் அவன் சாவகாசமாக அடித்துக்கொண்டிருப்பான்.

உங்கள் விஷயத்தில் போடுங்கள் என்றுதான் சொல்வேன். பக்கத்தில் ஏற்கெனவே போயிருக்கிறது, உங்கள் கார் தெருவில் நிற்கிறது. போட்டுவிட்டோமே என்று நிம்மதியாகத் தூங்காதீர்கள்.

கேள்வி: எந்த மாதிரி லாக் நட்டு நல்லது? ஆயிரத்தெட்டு வகை காட்டுகிறார்கள்.

கையில் எடுத்துப் பாருங்கள். தலையில் உள்ள பள்ளம் எவ்வளவு குறுகலாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது, அகலப் பள்ளத்தில் உளி முனையோ வேறு ஏதாவதோ நுழைந்துவிடும். வெளிப்புறம் நுனியை நோக்கிச் சரிந்து குறுகியிருந்தால் அடித்து ஏற்றும் சாக்கெட் நிற்பதற்கு இடம் கிடைக்காது. இரும்பு மேற்பரப்பு கடினமாக்கப்பட்டதாக இருக்க வேண்டும்; மலிவான மெத்து இரும்பில் சாக்கெட்டின் பல் வெண்ணெயில் இறங்குவது போல் இறங்கும், அதைவிடக் கொடுமை, உங்கள் சொந்தச் சாவியே நாலைந்து தடவையில் பள்ளத்தை நசுக்கிவிடும்.

வெளியே தனியாகச் சுழலும் வளையம் வைத்த நட்டும் உண்டு. எதைப் போட்டுக் கவ்வினாலும் வளையம் மட்டும் சும்மா சுற்றும், உள்ளே இருக்கும் நட்டு அசையாது. கெட்டியாகச் செய்திருந்தால் இந்த வகைதான் திருடனுக்கு எரிச்சலூட்டும். மட்டமாகச் செய்ததில் வளையத்தை உளியால் பெயர்த்தெடுத்துவிடலாம்.

இன்னொன்றை யாரும் சொல்வதில்லை. நட்டு உட்காரும் குழி ஆழமாகவும் குறுகலாகவும் இருக்கிற அலாய் வீல் என்றால் சாதாரண லாக் நட்டுக்கே பலம் கூடிவிடும், தடித்த சாக்கெட்டை நட்டின் மேல் ஏற்ற இடமே இருக்காது. குழி அகலமாக, நட்டு வெளியே துருத்திக்கொண்டிருந்தால் எவ்வளவு நல்ல நட்டும் பாதி பலம்தான்.

கேள்வி: சக்கரத்துக்கு ஒன்று போதுமா, எல்லா நட்டையும் மாற்றிவிடலாமா?

ஒன்று போதும். ஐந்தில் நாலைக் கழற்றினாலும் அந்த ஒன்று இருக்கும்வரை சக்கரம் வெளியே வராது. எல்லாவற்றையும் மாற்றினால் திருடனுக்கு வேலை கூடும், உங்களுக்கும் கூடும், பஞ்சருக்கு ஓரமாக நிறுத்திய ஒவ்வொரு முறையும். பல் சக்கரம் மாதிரி வரி வரியாக இருக்கும் மெல்லிய நட்டுகளை முழு செட்டாகப் போட்டுக்கொள்கிறார்கள் சிலர், அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்தச் சாவி எங்கும் கிடைக்கிற பொதுச் சாவி. அழகுக்குப் போடுங்கள், காவலுக்கு என்று நினைக்காதீர்கள்.

கேள்வி: ஆன்லைனில் வாங்கினேன். கம்பெனி நட்டோடு வைத்துப் பார்த்தால் அடிப்பக்கம் வேறு மாதிரி இருக்கிறது. மெக்கானிக் "மரை ஏறுது, போட்டுடலாம்" என்கிறார். போடலாமா?

போடாதீர்கள். கழற்றி வைத்துவிட்டுப் படியுங்கள்.

வீலைப் பிடித்துக்கொண்டிருப்பது மரை மட்டும் இல்லை, நட்டின் அடிப்பக்கம் வீலின் குழியில் எப்படி உட்காருகிறது என்பதும்தான். மூன்று வகை இருக்கிறது. கூம்பு மாதிரி சரிந்தது, பெரும்பாலும் 60 டிகிரி. பந்தை அறுத்த மாதிரி உருண்டது. வாஷர் வைத்த தட்டை. உருண்டைக் குழியில் கூம்பு நட்டைப் போட்டால் முழு முகமும் ஒட்டாது, ஒரு மெல்லிய கோட்டில் மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும். ஸ்பேனரில் இறுக்கமாகத்தான் தெரியும். கொஞ்ச தூரம் ஓடியதும் அந்தக் கோடு நசுங்கும், இறுக்கம் போகும், நட்டு தளரும். திருடன் ராத்திரியில் எடுத்திருக்க வேண்டிய சக்கரம் பகலில் நீங்கள் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே கழன்று போகும்.

ஹோண்டா கார்களைச் சொல்கிறேன், அங்கேதான் இந்தக் குழப்பம் அதிகம். கம்பெனி வீலுக்கு உருண்டை அடி உள்ள நட்டு, அதே காருக்கு வெளியில் வாங்கும் அலாய் வீல்களில் பெரும்பாலானவற்றுக்குக் கூம்பு நட்டு. மரை இரண்டிலும் ஒன்றுதான். அதனால்தான் "மரை ஏறுது" என்ற பேச்சு ஆபத்தானது. நட்டைக் காருக்கு வாங்கக் கூடாது, வீலுக்கு வாங்க வேண்டும்.

மரையிலும் ஏமாறலாம். டொயோட்டா, ஹோண்டா கார்களில் அதிகம் வருவது எம்12, 1.5, அதாவது 12 மில்லிமீட்டர் தடிமன், மரைக்கு மரை 1.5 மில்லிமீட்டர் இடைவெளி. நிசான், சுபாருவில் எம்12, ஆனால் 1.25. தடிமன் ஒன்று, மரை நெருக்கம் வேறு. ஒன்றின் நட்டு இன்னொன்றின் ஸ்டட்டில் (நட்டு ஏறுகிற மரைக் கம்பி) ஒன்றிரண்டு சுற்று ஏறும், அப்புறம் கெட்டியாகும், அங்கே ஏர் கன்னை வைத்து அமுக்கினால் ஸ்டட்டின் மரை நாசம். விரலாலேயே கடைசிவரை ஓட வேண்டும், அதுதான் சரியான நட்டு.

எத்தனை சுற்று ஏற வேண்டும் என்று ஒரு கணக்கு இருக்கிறது: ஸ்டட்டின் தடிமன் அளவுக்காவது மரை பிடித்திருக்க வேண்டும். 12 மில்லிமீட்டரை 1.5-ஆல் வகுத்தால் 8 சுற்று. 1.25 என்றால் கிட்டத்தட்ட 10. ஃபோக்ஸ்வேகன், பிஎம்டபிள்யூ, மெர்சிடிஸ் மாதிரி நட்டுக்குப் பதில் போல்ட் போடும் கார்களில் நீளத்தையும் பார்க்க வேண்டும், குட்டையானால் மரை பற்றாது, நீளமானால் பின்னால் போய் பிரேக் பாகத்தில் இடிக்கும். பழைய போல்ட்டையும் புதுப் போல்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வைத்துப் பாருங்கள், ஒரு நிமிஷ வேலை.

கேள்வி: சர்வீஸுக்கு விட்டபோது ஏர் கன்னில் லாக் நட்டைக் கழற்றினார்கள். கேட்டதற்கு "எல்லாரும் இப்படித்தான் சார்" என்றார்கள். தப்பா?

தப்புதான். எல்லாரும் அப்படிச் செய்வதும் உண்மைதான். என் சாவி போன கதையை மேலே படித்திருப்பீர்கள்.

சாவியின் மேடு ஒல்லியானது. ஏர் கன் சீராகத் திருகாது, அடித்து அடித்துத் திருகும். சாவி ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் மொத்த அடியும் ஒரே மூலையில் விழும். அன்றைக்கு உடைவதில்லை, அதுதான் வம்பு. மேடு மழுங்கிப்போய், நீங்கள் மழையில் பஞ்சரோடு நிற்கிற நாளில் வழுக்கும்.

நான் இப்போது வண்டி விடும்போதே சொல்லிவிடுகிறேன்: லாக் நட்டை மட்டும் கையால். சக்கரம் மாட்டும்போது மற்ற நட்டுகளை முதலில் இறுக்கிவிட்டு லாக் நட்டைக் கடைசியில். கழற்றும்போது லாக் நட்டை முதலில். மற்றவை பிடித்துக்கொண்டிருக்கும்போது அதன் மேல் சாய்வு பாரம் வராது, அதனால் லேசாக வரும். இறுக்கத்தின் அளவு உங்கள் வண்டியின் கையேட்டில் இருக்கும், சாதாரண கார்களுக்கு 80-லிருந்து 140 நியூட்டன் மீட்டருக்குள் வரும், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச் வைத்து அந்த எண்ணோடு நிறுத்த வேண்டும். ஏறி மிதிக்க வேண்டாம். 50, 100 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், வருஷத்துக்கு ஒருமுறை வீட்டு வாசலில் வைத்து நாலு லாக் நட்டையும் நீங்களே தளர்த்தி இறுக்கிப் பாருங்கள். துரு பிடித்திருந்தால் அன்றைக்கே தெரிந்துவிடும். பள்ளத்தில் மண் அடைத்திருந்தால் பழைய பல் பிரஷ்ஷால் தட்டிவிட்டுத்தான் சாவியைப் போட வேண்டும், மண்ணோடு போட்டால் முழுசாக இறங்காது.

கேள்வி: நான் தனியாகவே கார் ஓட்டுகிறேன். போன மாதம் பஞ்சர், ஸ்டெப்னி இருந்தது, ஜாக்கி இருந்தது, சாவி மட்டும் இல்லை. இரண்டு மணி நேரம் சாலையில் நின்றேன். கடைசியில் வண்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். இந்த நட்டைக் கண்டுபிடித்தவரை என்ன செய்தால் தகும்?

கோபம் நியாயம்தான் அம்மா. லாக் நட்டால் திருடன் தவித்த கதையைவிட, சொந்தக்காரர் தவித்த கதைதான் எனக்கு அதிகம் வருகிறது.

முதலில் தேட வேண்டிய இடங்கள்: டாஷ்போர்டு, டிரைவர் கதவுப் பை, டிக்கிக்கு அடியில் ஸ்டெப்னி உட்காரும் பள்ளம், ஜாக்கி வைத்திருக்கும் ஃபோம் தட்டில் ஒரு வட்டக் குழி. அதிலும் இல்லையென்றால் கடைசியாகச் சர்வீஸ் செய்த இடத்துக்குப் போன் போடுங்கள். அவர்களுடைய சாக்கெட்டின் வாயிலேயே உங்கள் சாவி ஒட்டிக்கொண்டு தட்டில் கிடக்கும், பாதிக்குப் பாதி இப்படித்தான் தொலைகிறது. வண்டியை எடுக்கும்போது பில்லைப் பார்ப்பதற்கு முன் சாவி எங்கே என்று கேட்கும் பழக்கம் எனக்கு அப்படித்தான் வந்தது.

கிடைக்கவே இல்லையா, செட்டோடு ஒரு சின்ன அட்டை வந்திருக்கும், அதில் எழுத்தும் எண்ணுமாக ஒரு கோடு, அதாவது அந்தச் சாவியின் அடையாள எண். பல சாவிகளின் மேலேயும் அது வெட்டியிருக்கும். அந்தக் கோடைச் சொன்னால் புதுச் சாவி வரவழைக்கலாம். கோடும் இல்லையென்றால் வண்டிக் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் மாஸ்டர் செட்டை வைத்து முயற்சி செய்வார்கள், காரோடு வந்த நட்டாக இருந்தால் பெரும்பாலும் ஒன்று பொருந்தும். வெளியில் வாங்கிய நட்டு என்றால் அடித்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும், அதற்குத் தெரிந்த ஆளிடம் போங்கள், இல்லாவிட்டால் அலாய் வீலின் முகத்தில் சாக்கெட்டின் வட்டம் நிரந்தரமாகப் பதிந்துவிடும்.

இப்போது சாவி கையில் உள்ளவர்கள் எல்லோரும் எழுந்துபோய் அதை நேராகவும், கோடு தெரியும்படியும் இரண்டு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நான் காத்திருக்கிறேன்.

எங்கே வைப்பது என்பதுதான் சங்கடம். டாஷ்போர்டில் வைத்தால் கண்ணாடியை உடைத்துவிட்டு அதை எடுத்து, நாலு சக்கரத்தையும் சத்தமில்லாமல் கழற்றிக்கொண்டு போவான், நீங்களே வாங்கிக் கொடுத்த கருவியால். வீட்டில் வைத்தால் உங்களுக்கு நடந்ததுதான் நடக்கும். நான் இரண்டு சாவி வைத்திருக்கிறேன். ஒன்று வீட்டில், கோடு அட்டையோடு. மற்றது வண்டியில், பழைய துணியில் சுற்றி, யாரும் கை விட யோசிக்கிற ஓர் இடத்தில். எந்த இடம் என்று எழுதினால் அப்புறம் அது இடமே இல்லை.

கேள்வி: லாக் நட்டு மற்ற நட்டைவிடக் கனம். வீல் பேலன்ஸ் கெடாதா?

சில கிராம் வித்தியாசம், அதுவும் மையத்துக்குப் பக்கத்தில். பேலன்ஸைக் கெடுப்பது எடை மட்டும் இல்லை, மையத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதும் சேர்ந்துதான். பேலன்ஸுக்கென்று விளிம்பில் ஒட்டும் ஈயத் துண்டுக்கு இருக்கும் வேகம் ஹப்பை ஒட்டி இருக்கும் நட்டுக்கு இல்லை. ஸ்டியரிங் ஆடினால் காரணத்தை வேறு இடத்தில் தேடுங்கள்.

கேள்வி: எனக்கு இரும்பு வீல், மேலே பிளாஸ்டிக் கப்பு. லாக் நட்டு வேண்டுமா?

வேண்டாம். கப்பு வேண்டுமானால் போகும்.

கேள்வி: லாக் நட்டைத் தவிர வேறு என்ன செய்யலாம்? ராத்திரியெல்லாம் விழித்திருக்க முடியாதே.

வண்டியைச் சாய்த்தால் கத்துகிற அலாரம்தான் என் முதல் ஓட்டு. சக்கரத் திருடன் எவனாக இருந்தாலும் வண்டியைத் தூக்கியாக வேண்டும், அந்த ஒரு வேலையை அவனால் தவிர்க்கவே முடியாது. சாய்வு சென்சார் அந்த இடத்தில்தான் பிடிக்கிறது. சில கார்களில் கம்பெனி அலாரத்திலேயே இது இருக்கும், ஃபெர்ரியிலோ லாரியிலோ ஏற்றும்போது தொல்லை என்று அணைக்க ஒரு பட்டனும் இருக்கும். உங்களுடையது அணைந்து கிடக்கிறதா என்று பாருங்கள். கதவைத் திறந்தால் மட்டும் அடிக்கிற அலாரத்தால் இதில் துளி பயனில்லை, அவன் கதவைத் தொடவே மாட்டான்.

நிறுத்துகிற விதத்திலும் கொஞ்சம் செய்யலாம். ஒரு பக்கத்தைச் சுவரை ஒட்டி, ஸ்பேனர் கம்பி சுழல இடமில்லாதபடி நிறுத்தினால் அந்தப் பக்கத்து இரண்டு சக்கரத்தைத் தொட மாட்டான். (நீங்கள் இறங்க இடம் விட்டு நிறுத்தவும், இதையும் எழுதிக் கேட்டிருக்கிறார்கள்.) ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்து விட்டால் முன்சக்கரத்தின் ஒரு ஓரம் மட்கார்டுக்குள் போய்விடும், நட்டைக் கழற்றினாலும் சக்கரத்தை வெளியே உருவ மல்லுக்கட்ட வேண்டும். பின்சக்கரத்துக்கு அந்த வசதி இல்லை. விளக்கு வெளிச்சம் நல்லதுதான், ஆனால் பார்க்க ஆள் இல்லாத இடத்தில் அது அவனுக்கு டார்ச் மிச்சம்.

போனபின் கண்டுபிடிப்பதற்கும் ஒரு ஏற்பாடு வேண்டும். வீலின் உட்பக்கத்தில் வண்டி எண்ணைப் பொறித்து வையுங்கள். வெளியே இருக்கும் சிராய்ப்பு, கீறல் எல்லாவற்றையும் போட்டோ எடுங்கள், டயரின் பக்கச்சுவரில் டாட் (DOT) என்று ஆரம்பிக்கும் வரிசையையும் சேர்த்து. அதன் கடைசி நாலு எண் டயர் எந்த வாரம், எந்த வருஷம் தயாரானது என்பது, 2324 என்றால் 2024-இன் 23-ஆவது வாரம். புகார் கொடுக்கும்போது "கறுப்பு அலாய், நல்லா இருக்கும் சார்" என்பதைவிட இதற்கு மதிப்பு அதிகம். இன்ஷூரன்ஸ் பத்திரத்தையும் ஒருமுறை எடுத்துப் படித்துவிடுங்கள், வண்டியே போனால் ஒரு கணக்கு, சக்கரம் மட்டும் போனால் வேறு கணக்கு என்று சிலவற்றில் இருக்கும்.

கேள்வி: பிக்அப் வண்டி. நாலு சக்கரத்துக்கும் லாக் நட்டு போட்டேன், ஸ்டெப்னியைத் தூக்கிவிட்டார்கள்!

வண்டிக்கு அடியில் ஒரு கம்பி வடத்தில் தொங்கிக்கொண்டிருந்திருக்கும். இரும்பு வெட்டும் கத்தரி ஒன்று போதும், ஜாக்கிகூட வேண்டாம். ஸ்டெப்னிக்குத் தனியாகப் பூட்டு கிடைக்கிறது, வடத்தை இறக்கக் கம்பி விட்டுச் சுற்றும் துளையை அடைப்பதை மட்டும் வாங்காமல் வீலையே சட்டத்தோடு பிடிப்பதாக வாங்குங்கள். துளையை அடைத்து என்ன செய்ய, வடத்தையே வெட்டுகிறவனிடம்.

கேள்வி: பழைய காரை விற்கப் போகிறேன். லாக் நட்டைக் கழற்றி வைத்துக்கொள்ளட்டுமா?

புதுக் காரின் மரையும் அடியும் ஒன்றாக இருந்தால் தாராளமாகக் கழற்றிக்கொள்ளுங்கள், பழைய காரில் மறக்காமல் சரியான சாதாரண நட்டைப் போட்டுவிட்டு. இல்லையென்றால் அப்படியே விட்டுவிட்டு, வாங்குகிறவர் கையில் வண்டிச் சாவியோடு இதையும் சேர்த்துக் கொடுங்கள், "டிக்கியில எங்கேயோ இருக்கும்" என்று வாயால் சொல்லி அனுப்பாதீர்கள்.

பழைய வண்டி வாங்குகிறவர்களுக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். எஞ்சின் சத்தம், டயர் தேய்மானம் எல்லாம் பார்ப்பீர்கள். நாலு சக்கரத்தையும் குனிந்து பாருங்கள், ஒரு நட்டு மட்டும் வேறு மாதிரி இருந்தால் சாவியைக் கேளுங்கள். கொடுத்தால் அங்கேயே நாலு நட்டிலும் போட்டுப் பாருங்கள், நாலிலும் முழுசாக இறங்க வேண்டும், மூன்றில் இறங்கி ஒன்றில் இறங்கவில்லையென்றால் யாரோ ஏற்கெனவே ஒன்றை அடித்து எடுத்துவிட்டு வேறு செட்டிலிருந்து ஒன்றைப் போட்டிருக்கிறார்கள். சாவியே இல்லை என்றால், நாலு நட்டையும் எடுத்து மாற்றித் தந்தபின் மீதிப் பணம் என்று பேசுங்கள்.